தூண் இளைத்த வைகாசி

மே 4, திங்கள்

என் தங்கைமார் பெற்ற செல்வங்களே, அவர்கள் இனிப் பெறப்போகும் வாண்டுகளே! உங்கள் குழந்தைவேலு மாமா இந்த டைரியின் மேல் வலது கையை வைத்து, இடது கையில் காபி டம்ளரை ஏந்தி, சத்தியம் செய்கிறேன்: இதில் எழுதப்போகும் கதையை ஒரு ஜீவனும் நம்பாது. நான் தொட்ட வேலை எதுவும் நம்பக்கூடிய விதத்தில் முடிந்ததே இல்லை. இதுவும் முடியாது.

விஷயம் இதுதான். கோவை அவிநாசி ரோட்டில் ஒன்பது மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்று. அதன் கீழ்த்தளத்து லாபி, பஸ் ஸ்டாண்டு போலவும் இல்லாமல் ஆஸ்பத்திரி போலவும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் முழித்துக்கொண்டிருக்கிறது. அதை இடித்துப் புதுசாக அலங்கரிக்கும் பொறுப்பு என் தங்கை மகள் சுபிக்ஷாவுக்குக் கிடைத்திருக்கிறது. ஆர்க்கிடெக்ட். சொந்தப் பெயரில் அவள் எடுக்கும் முதல் வேலை. சைட் சூப்பர்வைசர் அடியேன். நியமித்தது யார் என்று கேட்காதீர்கள், நானேதான்.

கட்டடத்துக்குச் சொந்தக்காரர் சென்னியப்பன். எல்லோருக்கும் சேர்மன். லாபியின் நட்டநடுவில், வாசலுக்கு நேராக, இரண்டு ஆள் உயரத்துக்கு அல்ல, இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு சதுரத் தூண். ஒன்பது மாடியையும் தலையில் சுமந்துகொண்டு சலிக்காமல் நிற்கிறது. என்னைப்போல் ஒரு ஆத்மா. அதன் காலடியில் ரிசப்ஷன் மேஜை, மேஜைக்குப் பின்னால் ஜெசிந்தா.

"நல்லாயிருக்கியா தம்பி?" என்று தூணைக் கட்டிப்பிடித்தேன். இரண்டு கையையும் எவ்வளவு நீட்டியும் அந்தப் பக்கம் விரல்கள் சந்திக்கவில்லை. நடுவில் ஒரு ஆள் தலையை விட்டு எட்டிப் பார்க்கலாம்.

"அண்ணா, அது சிமெண்டு. திருப்பிக் கட்டிப்பிடிக்காது," என்றாள் ஜெசிந்தா.

மே 7, வியாழன்

இன்று வாஸ்து வரதராஜுலு விஜயம். மஞ்சள் சட்டை, கையில் திசைகாட்டி. வாசலில் நின்று தூணைப் பார்த்தவர், பாம்பை மிதித்தவர்போல் பின்வாங்கினார்.

"தூண் குத்துங்க! வாசலுக்கு நேரா நாலு மூலையும் கத்தியாட்டம் நீட்டிக்கிட்டு நிக்குது. உள்ள வர்ற லட்சுமி குத்துப்பட்டு அப்பிடியே ரோட்டுக்குத் திரும்பிப் போயிருவா."

சேர்மன் முகம் வெளுத்தது. சுபிக்ஷா வரைபடத்தை விரித்தாள். "அதுக்குத்தானுங்க சுத்தியும் பலகை கட்டி ரவுண்டாக்கறோம். தூண் உள்ள இருக்கும். மூலை வெளிய தெரியாதுங்க."

"மறைச்சாப் போதாதுங்க அம்மணி. மூலை உள்ள இருந்தாலும் மூலைதான். மூலை போகோணும். அதுக்கு மேல கண்ணாடி பதிக்கோணும்."

"அய்யா," சுபிக்ஷா சேர்மன் பக்கம் திரும்பினாள். "லாபியில எதை வேணுமின்னாலும் மாத்தித் தர்றேன். அந்தத் தூண்ல மட்டும் யாரும் உளி வெக்கக் கூடாதுங்க. மூலையிலதான் கம்பியே ஓடுது."

"செரி அம்மணி," என்றார் சேர்மன்.

அந்தச் 'செரி' எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாண வீட்டில் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விடுகிறவர்களின் செரி அது.

மே 12, செவ்வாய்

பழைய கிரானைட்டைப் பெயர்த்தாகிவிட்டது. இமயமலையை யாரோ மிக்ஸியில் போட்டு அடித்ததுபோல் புழுதி. ஜெசிந்தா முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, வருகிறவர்களிடம் கண்ணால் மட்டும் பேசுகிறாள். அவளை மாடிக்கு மாற்றலாம் என்றேன். ரிசப்ஷன் என்றால் வாசலைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று சேர்மன் ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

பலகைகள் வந்து இறங்கின. பேஸ்மெண்டில் அடுக்கியாயிற்று. மதியம் பருப்பு சாதம், உப்புப் பத்தவில்லை.

மே 19, செவ்வாய்

நாளை கோபிக்குப் புறப்பாடு. பெரியக்கா பேத்திக்குக் கல்யாணம். வீட்டில் நான் இல்லாவிட்டால் தாலியே கழுத்தில் ஏறாது. சுபிக்ஷாவும் வருகிறாள். கல்யாணம் முடிந்ததும் அங்கிருந்தே ராஜஸ்தானுக்கு, கிஷன்கரில் தரைக்கு மார்பிள் பார்க்க. வேலை ஆறு நாள் நிறுத்தம். சாவியைச் சேர்மன் ஆபீசில் கொடுத்தோம்.

"நாங்க வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொட வேண்டாமுங்க," என்றாள் சுபிக்ஷா.

"செரி அம்மணி."

அதே செரி.

மே 26, செவ்வாய்

திரும்பி வந்தேன். லாபியில் அதிசயம்!

தூண் வட்டமாகிவிட்டது. உச்சி முதல் அடிவரை விரல் அகலக் கண்ணாடிப் பட்டைகள், அடுத்தடுத்து ஒட்டி, வெயில் பட்டதும் ஆயிரம் சூரியன். ஒவ்வொரு பட்டையிலும் ஒரு குழந்தைவேலு. உலகம் தாங்குமா?

"உங்களுக்கு வேலை மிச்சமாகட்டும்னு ராத்திரியோட ராத்திரியா நாங்களே முடிச்சிட்டமுங்க," என்றார் வரதராஜுலு. "நல்ல நாளு தப்பிப் போயிரக் கூடாதில்ல."

பலகைகள் பேஸ்மெண்டில் கட்டுப் பிரிக்காமல் அப்படியே கிடக்கின்றன. யாரோ மறதிக்காரர்கள்.

வழக்கம்போலத் தூணைக் கட்டிப்பிடித்தேன். ஆஹா, கல்யாண விருந்தின் மகிமையே மகிமை! ஆறு நாளில் என் கைகள் நீண்டுவிட்டன. அந்தப் பக்கம் விரலும் விரலும் தொட்டுக்கொண்டன. இனி நான் நின்ற இடத்திலிருந்தே பொள்ளாச்சியில் இளநீர் பறிப்பேன்.

சுபிக்ஷாவுக்குப் போன் போட்டேன். "அம்மணி, நம்ம தூண் இளைச்சுப் போச்சு. உன்னப் பிரிஞ்ச ஏக்கம். சோறு தண்ணி எறங்கலையாம்."

சிரித்தாள். பின்னால் மார்பிள் அறுக்கும் மிஷின் சத்தம். "அதுக்கும் ஹார்லிக்ஸ் கலக்கிக் குடுங்க மாமா. வெக்கிறேன்."

நானும் சிரித்தேன்.

மே 27, புதன்

கட்டடத்துக்குப் பின்னால் குப்பை மூட்டைகள். ஒன்று கிழிந்து, கட்டைவிரல் கனத்தில் கம்பித் துண்டுகள் வெளியே தெரிந்தன. வெட்டின இடம் வெள்ளியாகப் பளபளத்தது. டீ ஆறிப்போய்விட்டது. இன்று எழுத வேறொன்றும் இல்லை.

மே 29, வெள்ளி

கண்ணாடிப் பட்டை ஒன்று விரிசல் விட்டுவிட்டது. யாரும் தொடவில்லை. ஜெசிந்தா காலை பத்து மணிக்குப் பார்சல் வாங்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் 'டிக்'. அவ்வளவுதான்.

வரதராஜுலு வந்து பார்த்தார். "திருஷ்டிங்க! எத்தனை கண்ணு படுது இந்த லாபி மேல! நல்லவேளை கண்ணாடி வாங்கிக்கிச்சு." உடனே பூசணிக்காய் வந்தது. சாதாரணக் காயா அது? யானைக்கன்று ஒன்று சுருண்டு படுத்திருப்பதுபோல் இருந்தது. வாசலில் உடைத்ததில் அவிநாசி ரோடே சிவந்து, இரண்டு பஸ் வழுக்கி ஒன்றையொன்று முத்தமிட்டுக்கொண்டன. விரிந்த பட்டையைப் பெயர்த்துப் புதுசு ஒட்டினார்கள்.

மாலையில் ஜெசிந்தா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்னண்ணா இது, தொடைக்கத் தொடைக்கத் தூளு விழுந்துக்கிட்டே இருக்குது? ரிஜிஸ்டரெல்லாம் வெள்ளை."

பார்த்தேன். தூண் உச்சியில், கண்ணாடிப் பட்டைகளின் இடுக்கிலிருந்து, மெல்லிசாக, சாம்பல் நிறத்தில்.

எனக்குள் இருக்கும் சனியன் சும்மா இருக்குமா? லிஃப்டுக்கு நிற்கும் கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி, "தூண் விபூதி கொட்டுது தாயே! மூலை போனதும் அருள் வந்திருச்சு!" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மூணாவது மாடி அக்கவுண்டண்டு மட்டும் சிரிக்கவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறினார்.

ஜூன் 1, திங்கள்

நெற்றிகள்! எங்கே பார்த்தாலும் சாம்பல் நெற்றிகள். லிஃப்டிலிருந்து இறங்கி, வரிசையில் நின்று, ஜெசிந்தாவின் மேஜையில் விழுந்த தூளை விரலால் தொட்டு எடுக்கிறார்கள். ஒரு அம்மாள் பேப்பரில் மடித்து, பரீட்சை எழுதிய மகனுக்கு என்று கைப்பையில் வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் இரண்டு பேர் செல்பி எடுத்தார்கள். சேர்மனே வந்து கண்ணை மூடி நின்று பூசிக்கொண்டார்.

ஜெசிந்தா கேட்டாள்: "அண்ணா, நெசமாச் சொல்லுங்க. என்னது இது?"

"சிமெண்டு."

"இவ்வளவு விழலாமா?"

நான் ஏதோ ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று நினைவில்லை.

வாசல் கண்ணாடிக் கதவு தரையில் உரசுகிறது. மேலே சட்டம் இறங்கியிருக்கிறது. ஆள் வந்து கதவைத் தூக்கிக் கட்டிவிட்டுப் போனார். மதியத்துக்குள் மறுபடி உரசல். லிஃப்ட் ஒருமுறை பாதியில் நின்று, யோசித்து, கிளம்பியது. புதுசாக ஒட்டிய பட்டை, அதே இடத்தில், மறுபடி 'டிக்'.

பிள்ளைகளே, இந்த இடத்தில் ஒரு தொழில் விஷயம். சுவரில் விரிசல் கண்டால் கொத்தனார்கள் அதன் குறுக்கே ஒரு துண்டுக் கண்ணாடியைச் சாந்து வைத்து ஒட்டுவார்கள். கண்ணாடி முழுசாக இருந்தால் சுவர் சும்மா இருக்கிறது. உடைந்தால் சுவர் நகர்கிறது. கண்ணாடி பொய் சொல்லாது, அதற்கு என் சகவாசம் இல்லாததால். எங்கள் தூணில் அப்படி ஒரு துண்டு அல்ல, உச்சி முதல் அடிவரை கண்ணாடிதான்.

சேர்மனிடம் போனேன். "அய்யா, அது விபூதி இல்லீங்க. தூண் உதிருது."

"நீங்கதானுங்களே மொதல்ல சொன்னது, விபூதின்னு?"

"வெளையாட்டுக்குச் சொன்னனுங்க."

"சாமி யார் வாயில வேணுமின்னாலும் வந்து பேசுமுங்க குழந்தைவேலு," என்றார் அன்பாக. பக்கத்தில் நின்ற வரதராஜுலு என்னைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 3, புதன்

சுபிக்ஷாவுக்குப் போன். "அம்மணி, ஒம்பது மாடியும் பொடிப்பொடியா ரோட்டுக்கு வரப்போகுது! அவிநாசி வரைக்கும் புழுதி பறக்கும்! ஓடி வா!"

"மாமா, போன தீவாளிக்குத் தண்ணித் தொட்டி ஒடைஞ்சு தெருவே மெதக்குதுன்னீங்க. அடிச்சுப் புடிச்சு வந்து பாத்தாக் குழாய்க்கு வாஷர் போயிருந்துது. இங்க லாரிக்காரன் உசுர எடுக்கறான். அப்புறம் பேசறேன்."

அவள்மேல் தப்பில்லை. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அன்று காலை விமானத்தில் வருகிறாள். பட்டைகளில் இப்போது விரியாதவை எவை என்று தேட வேண்டியிருக்கிறது. மாலைக்காரர்கள் தூணுக்கு அளவெடுத்துப் போனார்கள்.

ஜூன் 5, வெள்ளி

முகூர்த்தம் ஒன்பதரைக்கு. எட்டு மணிக்கே நாதஸ்வரம் வந்துவிட்டது. தூணுக்கு ஆள் உயரத்துக்கு மேல் சாமந்தி மாலை. அதன் அடியில் குத்துவிளக்கு, கோலம், நாற்காலிகள். மாடிகளில் இருந்து எல்லோரும் விளக்கேற்றும்போது கீழே வந்து நிற்க வேண்டும் என்று சேர்மன் உத்தரவு. ஜெசிந்தா பட்டுப்புடவையில், பன்னீர்ச் சொம்போடு, அதே இடத்தில், தூணுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். கொண்டையில் மல்லிகை. மல்லிகையின் மேல் சாம்பல்.

அதைப் பார்த்ததும் வெளியே போய் சுபிக்ஷாவைக் கூப்பிட்டேன். விமான நிலையத்தில் இறங்கியிருந்தாள்.

முதலில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். மிகச் சிறிய வாக்கியம், குழந்தைவேலுவின் தகுதிக்குக் கீழே.

அந்தப் பக்கம் பெட்டிச் சக்கரம் உருண்ட சத்தம் நின்றது.

"மாமா... விரிசல் இருக்குதா?"

"இருக்குது."

"எவ்வளவு?"

"நூலளவு."

நான் இதுவரை எதையும் நூலளவு என்று சொன்னதில்லை. என் வீட்டுப் பல்லிகூட முதலை அளவு. அது அவளுக்குத் தெரியும்.

"மாமா," என்றாள். குரல் சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தபோது இருந்த மாதிரி இருந்தது. "ஜெசிந்தாக்காவ அங்கிருந்து எந்திரிக்கச் சொல்லுங்க. எல்லாரையும் வெளிய கொண்டாங்க. தூண் பக்கம் ஒருத்தரும் வரக் கூடாது, பின்னால படிக்கட்டு வழியா. நான் இன்ஜினியரக் கூட்டிட்டு வந்துட்டே இருக்கறேன்."

சேர்மனிடம் போனைக் கொடுத்தேன். கேட்டார். "முகூர்த்தம் முடியட்டும் அம்மணி," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

ஒன்பது மாடி ஜனம். உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார்கள். அதுவும் நான் சொன்னால். அப்போதுதான் ஞானம் பிறந்தது: உண்மை எனக்கு வராது, வருவதைச் செய்ய வேண்டியதுதான்.

சாமந்தி மாலையைக் காட்டி, ஏழுலகமும் கேட்க அலறினேன்:

"பாம்பு! ராஜநாகம்! தூணச் சுத்திக்கிட்டு இருக்குது! லாபிப் பக்கம் யாரும் வராதீங்க! பின்னால படிக்கட்டுல ஓடுங்க!"

மாலை பாம்பாகிவிட்டது. நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டே ஓடினார். வரதராஜுலு எந்தத் திசை என்று பார்க்காமல் முதலில் போனார். அறிவிப்பு மைக்கைப் பிடுங்கி, மாடி மாடியாகப் பாம்பைப் பெருக்கினேன். முதலில் பத்தடி, பிறகு இருபதடி, குட்டிகளோடு. பின்படிக்கட்டு அருவியாகக் கொட்டியது.

சேர்மன் மட்டும் போகவில்லை. கை கூப்பி, கண்ணை மூடி, தூணுக்கு முன்னால் நின்றார். "நாகமே வந்திருக்குதுங்க. எத்தனை பெரிய பாக்கியம்! பால் கொண்டாங்க யாராச்சும்."

என் ஜென்மத்தில் என் பொய்யே எனக்கு எதிரியாக வந்து நின்றது அன்றுதான். காலைப் பிடித்தேன். "பொய்யிங்க, பாம்பே இல்லீங்க!" என்றேன். என்னை நம்ப வேண்டிய அந்த ஒரு தருணத்திலும் அவர் நம்பவில்லை.

'டிக்'. 'டிக் டிக்'.

ஜெசிந்தா பன்னீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். நேராக வந்து, பன்னிரண்டு வருஷமாக 'அய்யா' என்று எழுந்து நிற்கும் அந்த மனிதரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அய்யா. சாமி ரோட்டுக்கு வந்தும் காட்சி குடுக்கும். நடங்க."

இழுத்துக்கொண்டு போனாள். உரசும் கதவை நான் தோளால் தள்ளிப் பிடித்தேன். மூவரும் வாசல்படி தாண்டி, கார் நிறுத்தும் இடத்தையும் தாண்டினோம்.

திரும்பிப் பார்த்தபோது கண்ணாடிப் பட்டைகள் மேலிருந்து கீழே, ஒவ்வொன்றாக, யாரோ ஜன்னல்களை மூடிக்கொண்டு வருவதுபோல விழுந்தன. பிறகு தூணின் நடுவயிறு வெடித்தது. கம்பிகள் வெளியே வளைந்து வந்தன. மேலே தொங்கிய பெரிய வட்டவிளக்கு, பொய்க்கூரையோடு சேர்ந்து, ஜெசிந்தாவின் நாற்காலிமேல் உட்கார்ந்தது.

பூசணிக்காய் உடைகிற சத்தம்கூட இதைவிடப் பெரிதாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கட்டடம் நின்றது. ஏன் நின்றது என்று இன்ஜினியரே தலையைச் சொறிந்தார். மற்ற தூண்கள் பங்கு போட்டுக்கொண்டதாம், எவ்வளவு நேரத்துக்கு என்று சொல்ல முடியாதாம். சாயங்காலம் வரை, கூரைக்கு முட்டுக் கொடுக்கும் இரும்பு ஜாக்கிகளை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

ஜூன் 6, சனி

லாபியில் இப்போது இரும்புக் காடு. தரைக்கும் கூரைக்கும் நடுவில் எத்தனையோ ஜாக்கிகள். கிஷன்கர் மார்பிள் லாரியிலேயே நிற்கிறது. சேர்மன் வெளியே நின்று எட்டிப் பார்த்து, என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இத்தனை தூணு வந்திருச்சே. இதுலயெல்லாம் குத்து இருக்குமுங்களா?"

வரதராஜுலுவின் போன் அணைந்திருக்கிறது. போலீஸ் சுபிக்ஷாவின் வரைபடத்தை வாங்கிப் போனார்கள். "தூணைத் தொடக் கூடாது" என்று அவள் சிவப்பில் எழுதியிருந்தது அவளைக் காப்பாற்றும் என்கிறார்கள்.

சுபிக்ஷா நடைபாதையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா. கல்யாணத்துல இருந்து வந்த அன்னிக்கே போன்ல சொன்னீங்களே, தூண் இளைச்சுப் போச்சுன்னு."

"ஆமா கண்ணு. ஏக்கம்."

அவள் சிரிக்கவில்லை. ஜெசிந்தாவின் மேஜை இருந்த பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ஜூன் 8, திங்கள்

செல்வங்களே, நான் சொன்னபடியே முடிந்தது. பொங்கலுக்குக் கூடும்போது இதை நீங்கள் ஒருவர் தொடையை ஒருவர் தட்டிக்கொண்டு படிப்பீர்கள். படியுங்கள். பூசணிக்காய் யானைக்கன்று அளவு இல்லை, கழித்துவிடுங்கள். பஸ்கள் முத்தமிடவில்லை. ராஜநாகம் சாமந்தி. நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டே ஓடவில்லை, வெறுமனே ஓடினார். கட்டடம் நிற்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அதனால் விழ இருந்தது என்பதையும் வேண்டுமானால் கழித்துவிடுங்கள். மாமாவின் கதைதானே.

வெள்ளிக்கிழமை காலையில் சுபிக்ஷாவிடம் சொன்ன அந்தச் சின்ன வாக்கியத்தை மட்டும் விட்டுவையுங்கள். பத்து நாள் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியது.

"தூணக் கட்டிப்பிடிச்சேன் கண்ணு. விரல் தொட்டுது."

அது நிஜம். என் கைகள் நீளவில்லை.